நிலத்தடி நீரும் ஓர் ஆய்வேடும்

பொதுவளத்தை மக்கள் சுரண்டி அழித்துவிடுவார்கள். எனவே, அதை அரசு ஏற்க வேண்டும் அல்லது தனியாருக்குப் பங்கிட வேண்டும் என்பது பொருளாதார வகுப்பறைகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட முடிவு. காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரை அதற்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது. ஆனால், மூன்றாண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவில் ஓர் ஆய்வு மாணவி சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு வேறொரு வழியைக் காட்டியிருந்தது. அவர்தான் 2009-இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ரம். கணிதப் பயிற்சி போதாதென்று பொருளாதாரத் துறை இடம் மறுத்ததால், அவர் அரசியல் அறிவியலில் ஆய்வு செய்தார். என் போன்ற பொருளாதார ஆசிரியர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

அவர் ஆராய்ந்தது லாஸ் ஏஞ்சலீஸ் கடலோரத்தின் நிலத்தடி நீர்ப்படுகையை. நகராட்சிகளும் நிறுவனங்களும் போட்டியிட்டு உறிஞ்சியதால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே சென்றது, உப்புநீர் உட்புகுந்தது. 1945-இல் வழக்கு தொடரப்பட்டது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது கணக்கிடப்பட்டது. இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல் பயனாளிகளே ஓர் இடைக்கால உடன்பாட்டை வகுத்தனர். 80 விழுக்காடு நீருரிமைக்கு உரியவர்கள் கையெழுத்திட்டால் மட்டுமே அது செல்லும் என்பது நிபந்தனை. 'நான் குறைத்தால் அடுத்தவர் எடுத்துவிடுவாரே' என்ற அச்சத்தை அந்த நிபந்தனை போக்கியது. பின்னர், கரையோரக் கிணறுகளில் நன்னீரைச் செலுத்திக் கடல்நீருக்குத் தடுப்பும் அமைத்தனர்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரிலும் மிகை உறிஞ்சலால் கடல்நீர் உட்புகுந்தது. ஆனால், நாம் அளக்கவே தொடங்கவில்லை. வேளாண் மோட்டார்களுக்கான இலவச மின்சாரம் பெரும்பாலும் மீட்டரின்றியே வழங்கப்படுகிறது. 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம், நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது.

அங்கே பயனாளிகள் சில நூறு பேர். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நீரும் கைகொடுத்தது. இங்கோ கிணறுகள் பல லட்சம். எனவே, அந்த உடன்பாட்டை அப்படியே நகலெடுக்க இயலாது. எனினும், ஊர் அளவில் அதன் சாரத்தைப் பின்பற்றலாம். ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே நீர்மட்டத்தை அளந்து, அதற்கேற்பப் பயிரைத் திட்டமிட்டதுண்டு. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டியின் பங்கீட்டுக்கு ஊரே கட்டுப்பட்ட மரபு நமக்கும் உண்டு.

இலவச மின்சாரத்தைப் பறிக்காமலேயே ஒவ்வொரு ஊராட்சியிலும் சில கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, கிராம சபையில் அறிவிக்கலாம். ஒருவரையொருவர் நம்புவதற்கு அனைவரும் அறிந்த கணக்கு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நீரைக் காக்க, முதலில் அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்ய வேண்டும்.