விடைகொடுக்கவும் ஒரு முறை வேண்டும்

காலம் மாறும்போது பழையவை சில கழிந்து போவதும் புதியவை சில வந்து சேர்வதும் குற்றமல்ல என்பது நன்னூல் தரும் தீர்ப்பு. தமிழ் கற்பிக்கும் நாங்கள் இதை வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் பழையதை எப்படிக் கழிப்பது? அதை நம்பியிருந்தவருக்கு என்ன தவணை கொடுப்பது? கழித்ததை எங்கே எழுதி வைப்பது? இது இலக்கண நூலின் வேலையல்ல. இந்தக் கேள்விகளுக்கு நான் கண்ட தெளிவான எழுத்து விடை கணினி உலகத்திலிருந்து வருகிறது. பழைய இயந்திரங்களை உயிரோடு வைத்திருக்கும் ஒரு மென்பொருளின் விதிகளில் அது இருக்கிறது.

அந்த மென்பொருளின் பெயர் கியூஎமு. பெப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003இல் தொடங்கியது. இன்று பல நாட்டவர் சேர்ந்து பராமரிக்கிறார்கள், இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பது போலக் காட்டுவதுதான் இதன் வேலை. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனக்கென்று ஒரு கட்டளை மொழி உண்டு. ஒன்றின் மொழி மற்றதற்கு விளங்காது. கியூஎமு இடையில் நின்று மொழிபெயர்க்கிறது. உள்ளே ஓடும் பழைய கணினியை ‘விருந்தாளி’ என்றும், அதைத் தாங்கும் உண்மைக் கணினியை ‘வீட்டுக்காரர்’ என்றும் அந்தத் துறையில் சொல்வார்கள். விருந்தாளிக்குத் தான் வேறொருவர் வீட்டில் இருப்பதே தெரியாது. தனக்கென்று வன்தட்டும் திரையும் ப்ளொப்பி டிரைவும் இருப்பதாகவே அது நம்பும்.

உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: “சேர், பழசை ஓட்டுறதுக்குத்தானே இது இருக்கு. பிறகு அதுக்குள்ள இருக்கிற பழசை ஏன் கழிக்கிறாங்க?”

நல்ல கேள்வி. மென்பொருளில் ஒரு வசதி என்பது அலுமாரியில் வைத்துப் பூட்டிய பொருள் அல்ல. அது பல நூறு, பல ஆயிரம் வரி நிரல். நடுப்பகுதியில் ஒரு திருத்தம் செய்தால், அதைத் தொட்டு நிற்கும் ஒவ்வொரு பழைய வசதியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். பாவிப்பவர் யாரும் இல்லாத வசதி திருத்திய பின் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கவும் ஆள் இருக்காது. ஆளில்லாத வீட்டில் கூரை ஒழுகுவது போல, பிழை உள்ளே இருந்துகொண்டேயிருக்கும்.

2015 மே மாதத்தில் இது உலகத்துக்கே வெளிச்சமானது. கியூஎமுவின் ப்ளொப்பி டிரைவ் நிரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரியவந்தது. ‘வெனம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2004 முதல், அதாவது பதினொரு வருடங்களாக, யார் கண்ணிலும் படாமல் அது இருந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக விருந்தாளிக் கணினிக்குள் இருக்கும் ஒருவர் வெளியேறி வீட்டுக்காரர் கணினிக்குள்ளேயே நுழைய வழி இருந்தது. இதே நிரலைக் கடன் வாங்கியிருந்த ஸென், வேர்ச்சுவல்பொக்ஸ் போன்றவையும் பாதிக்கப்பட்டன. 2015இல் சேவர் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் ப்ளொப்பி பாவித்திருப்பார்கள்? ஆனாலும் அந்தக் கதவு எல்லார் வீட்டிலும் திறந்திருந்தது.

அதற்காக ப்ளொப்பியை அவர்கள் அடியோடு நீக்கிவிடவில்லை. ஓட்டையை அடைத்தார்கள். புதிய வகை இயந்திரமொன்றில், கேட்டால் மட்டுமே ப்ளொப்பி பொருத்தப்படும் என்று மாற்றினார்கள். பழைய ப்ளொப்பிகளைப் படிக்க வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா?

இங்கே கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. ஒன்று பழையது என்பதற்காக மட்டும் அதைக் கழிப்பதில்லை. கியூஎமு காட்டும் சாதாரண பீசி 1996இல் இன்டெல் வெளியிட்ட ஒரு சிப்செட்டை அடிப்படையாகக் கொண்டது. அது இன்றும் இருக்கிறது. 2019இல் வந்த 4.2 பதிப்பில் அப்பிளின் குவாட்ரா 800 என்ற 1993ஆம் ஆண்டுக் கணினி புதிதாகச் சேர்க்கப்பட்டது. மறுபக்கம், 2021இல் நீக்கப்பட்ட எல்எம்32, யூனிகோர்32 என்ற இரண்டு செயலி வகைகளும் அந்த அப்பிள் கணினியை விட வயதில் இளையவை. எல்எம்32ஐப் பகிரங்கமாகப் பாவித்த ஒரே திட்டம் நின்றுபோய் வருடங்கள் ஆகியிருந்தன. யூனிகோர்32க்கான ஆதரவை லினக்ஸ் கருவே 2020இல் நீக்கிவிட்டது. பராமரிக்க ஆளும் பாவிக்க ஆளும் இருந்தால் முப்பது வயதுக்காரருக்கும் இடம் உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் இளையவருக்கும் இடமில்லை.

இனி, கழிக்கும் முறை. 2017இல் வந்த 2.10 பதிப்புக்கு முன்பு இதற்கென்று ஒழுங்கான விதி இருக்கவில்லை. போகப் போகிறவற்றின் பட்டியலும் இருக்கவில்லை. அதன் பிறகு எழுதப்பட்ட விதி இதுதான்: ஒரு வசதியை நீக்க நினைத்தால், ‘இது போகப் போகிறது’ என்று முதலில் அறிவிக்க வேண்டும். அறிவித்த பதிப்பிலும் அதற்கடுத்த பதிப்பிலும் அது வழமை போல வேலை செய்ய வேண்டும். அதன் பிறகுதான் நீக்கலாம். வருடத்துக்கு மூன்று பதிப்புகள் வருவதால் தவணை ஏறக்குறைய எட்டு மாதம். எல்எம்32ஐப் பற்றி 2020 டிசம்பர் பதிப்பில் அறிவித்தார்கள், 2021 ஏப்ரல் பதிப்பிலும் அது இருந்தது, ஓகஸ்ட் பதிப்பில் இல்லை. விதி வருமுன் அறிவிக்கப்பட்டிருந்தவற்றையும் 2.10இல்தான் அறிவித்ததாகக் கணக்கெடுத்தார்கள். பட்டியலே இல்லாத காலத்துத் தவணையைப் பாவனையாளரின் தலையில் கட்டவில்லை. அந்த நீதி எனக்குப் பிடித்திருக்கிறது.

அறிவித்தலும் மூலையில் ஒட்டிய துண்டல்ல. போகவிருக்கும் வசதியை ஒருவர் பாவித்தால், இயன்ற இடத்திலெல்லாம் மென்பொருளே எச்சரிக்கை காட்டும். பட்டியலில் எந்தப் பதிப்பிலிருந்து, ஏன் என்ற விபரம் இருக்கும். மாற்று இருந்தால் அதுவும் இருக்கும். கியூஎமுவை நம்பி நிற்கும் லிப்வேர்ட் என்ற மென்பொருளின் ஆட்களுக்கு இந்தப் பட்டியலில் வரும் மாற்றங்கள் நேரடியாகவே தெரிவிக்கப்படுகின்றன. நீக்கிய பிறகும் கதை முடிவதில்லை. ‘நீக்கப்பட்டவை’ என்று தனியான ஒரு பட்டியலில் அது எழுதப்படும். சேமித்து வைத்த பழைய பதிப்புகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திர வகைகளுக்கு இன்னொரு விதி. ஒரு விருந்தாளிக் கணினியை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்ற வேண்டிவரும். அப்போது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரியான இயந்திரம் இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பதிப்பிலும் இயந்திரத்துக்கு ஓர் எண்ணிட்ட பெயர் கொடுக்கிறார்கள். அந்தப் பெயர்கள் குவிந்துகொண்டே போயின. 2024இல் அதற்கும் கணக்குப் போட்டார்கள்: மூன்று வருடத்தில் அறிவித்தல், ஆறு வருடத்தில் நீக்கம். ஆளைப் பார்த்து, முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை இல்லை.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் இலங்கையில் அச்சான தமிழ் நூல்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, பேஜ்மேக்கரில் பக்கமாக்கப்பட்டவை. எங்கட மீலாத் மலர்கள், பாடசாலை மலர்கள், ஊர் வரலாறுகள், கவிதைத் தொகுதிகள், நின்றுபோன சஞ்சிகைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பின் வந்த இன்டிசைன் சில காலம் அந்தக் கோப்புகளைத் திறந்தது. இப்போதைய பதிப்புகள் திறப்பதில்லை. நாங்கள் யூனிகோட்டுக்கு வந்தது சரியான முடிவு. ஆனால் பழையதை விட்டபோது யாரும் பட்டியல் போடவில்லை, தவணை வைக்கவில்லை. அச்சகம் கணினியை மாற்றியது, பழையது பழைய இரும்போடு போனது. அச்சுப் பிரதியும் கறையானுக்கோ சுனாமிக்கோ போயிருந்தால், மிஞ்சியது யாரோ ஒருவர் லாச்சிக்குள் கிடக்கும் ப்ளொப்பி மட்டும்தான்.

இன்னும் வழி அடைபடவில்லை. யூஎஸ்பியில் பொருத்தும் ப்ளொப்பி டிரைவ் மூலம் அந்தத் தட்டை அப்படியே ஒரு கோப்பாகப் பிரதியெடுக்கலாம். கியூஎமு போன்றதொன்றில் பழைய விண்டோஸையும் பேஜ்மேக்கரையும் நிறுவி, அந்தப் பிரதியை உள்ளே கொடுத்துத் திறக்கலாம். எழுத்தை வெளியே எடுத்து யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் காந்தத் தட்டு காலத்தோடு கெட்டுப் போகும். அதற்கு யாரும் எட்டு மாதத் தவணை தருவதில்லை.

ஆகவே சஞ்சிகை நடத்துவோரும் நூலகப் பொறுப்பாளர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒரு சின்ன வேலையைத் தொடங்கலாம். கையில் இருக்கும் பழைய ப்ளொப்பிகள், இறுவட்டுகள் என்னென்ன, எந்த எழுத்துருவில், எந்த மென்பொருளில் செய்தவை, யாரிடம் இருக்கின்றன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒன்றை வீசுவதற்கு முன், ‘இதை வீசப் போகிறோம், வேண்டியவர்கள் பிரதியெடுங்கள்’ என்று ஒரு திகதி குறித்து அறிவியுங்கள். வீசிய பின்னும் எது போனது, அதன் பிரதி எங்கே என்று குறித்து வையுங்கள். ஓர் எழுத்தாளர் தன் எழுத்தை எங்களிடம் தந்தது அமானிதமாக. வைத்திருக்க முடியாமல் போகும்போதும் அதற்குக் கணக்கு இருக்க வேண்டும்.