இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கிடையாது

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. இந்த வகுப்புகளுக்குப் பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் இருந்தது. ஆனாலும் 'நாலு பக்கம் எழுதி வரவும்' என்று சாயங்காலம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் சேதி வந்து விழுகிறது. பல வீடுகளில் அதை எழுதி முடிப்பவர் அம்மாதான்.

எழுதாவிட்டால் பிள்ளை வீட்டில் சும்மா இருக்குமா? இருக்காது. புதுச்சேரியின் வில்லியனூர், சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். ஒரு பிடி களிமண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மாடு வரும், மாட்டுக்குப் பேர் வரும், அது ஊசுட்டேரியில் தண்ணீர் குடிக்கப் போன கதையும் வரும். களிமண்ணைப் பிசைவதில் பென்சில் பிடிக்க விரல்களுக்கு வலுவும் கிடைக்கும். பழைய அட்டைப்பெட்டியில் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் செய்யட்டும். சக்கரம் எத்தனை, வடம் எவ்வளவு நீளம் என்று கணக்கு தானாக நுழையும். பாகூர்ப் பக்கம் அறுவடைக் காலமென்றால் நெல் மூட்டையை எண்ணலாம். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறுகட்டலாம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையிடம் மட்டும் கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். பிள்ளை சொல்லும் கதையின் முடிவை மட்டும் நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

செய்ததைக் குழுவில் பகிரும்போது பொம்மையைப் படம் எடுங்கள், பிள்ளையை வேண்டாம். முகமும் சீருடையும் பள்ளிப் பெயரும் ஒரே படத்தில் இருந்தால், அந்தப் பிள்ளையை எங்கே பார்க்கலாம் என்று முன்பின் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பள்ளி விளம்பரத்தில் பிள்ளையின் படம் வந்தால் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். யாராவது படத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் 1930 (இணையக் குற்றம்), 1098 (குழந்தைகள் உதவி) எண்களை அழையுங்கள்.

வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று பிள்ளையை அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ, அது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை மீறுவது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள். சரியாகவில்லை என்றால், உங்கள் பகுதிக்கான உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 32ஆம் பிரிவின்படி மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவும் உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஊர் பள்ளியைத் தாங்குவது பாகூருக்குப் புதிதா என்ன? அங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பல்லவர் காலச் செப்பேடு சொல்கிறது. இன்றைக்கு ஊர் எழுதித் தர வேண்டாம், கூட்டத்துக்கு வந்தால் போதும். அம்மாக்களே, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்; வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.