பேனாவும் நாற்காலியும்: மைக்கேல் ஃபுட் குறித்து

மைக்கேல் ஃபுட் என்றால் பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு ஞாபகம் வருவது ஒரு கோட்டு. 1981 நவம்பரில், போர்களில் மாண்டவர்களுக்கான அஞ்சலிக்கு லேபர் கட்சித் தலைவராக அவர் போட்டுவந்த குட்டைக் கோட்டை, கட்டட வேலைக்காரன் போடுகிற முரட்டுக் கோட்டு என்று எழுதித் தீர்த்தார்கள். (அப்படியே இருந்தால்தான் என்ன?) தலைவன் என்பவன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற ஆளும் வர்க்கச் சொல்லாடல் ஓர் உடுப்பையே அரசியல் பிரதியாக வாசித்தது. அவர் எழுதியதை வாசிக்கவில்லை.

எழுதியது கொஞ்சமல்ல. 1913இல் பிளிமத்தில் பிறந்தவர். அப்பா ஐசக் ஃபுட் லிபரல் எம்.பி., புத்தகப் பைத்தியம். மகனும் ஆக்ஸ்ஃபோர்டில் லிபரல்தான். லிவர்பூலில் கப்பல் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் வறுமையைக் கண்ணால் பார்த்த பிறகே லேபர் பக்கம் வந்தார். 1940இல், டன்கர்க் பின்வாங்கல் முடிந்த கையோடு, ஃபிராங்க் ஓவன், பீட்டர் ஹோவர்ட் இருவரோடு சேர்ந்து 'கேட்டோ' என்ற புனைபெயரில் 'கில்ட்டி மென்' எழுதினார். ஹிட்லரிடம் பணிந்துபோன அமைச்சர்களைப் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றிய சிறுநூல் அது. பெரிய வியாபாரிகள் விற்க மறுத்தார்கள். தெருவில் தள்ளுவண்டியில் போட்டு விற்றார்கள். இரண்டு லட்சம் பிரதிகள் போயின. முந்நூறு அச்சடித்து இருநூறைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிற நமக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். பிறகு 'டிரிப்யூன்' ஆசிரியர், ஸ்விஃப்ட் பற்றிய புத்தகம், அன்யூரின் பெவனின் வாழ்க்கை இரண்டு பாகங்களில்.

1974இல் தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார். வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் 1975இன் வேலைப் பாதுகாப்புச் சட்டமும் அவர் காலத்தவை. இதை யாரும் பேசுவதில்லை. 1980இல் டெனிஸ் ஹீலியை 139க்கு 129 என்று வென்று தலைவரானார். அடுத்த வருஷமே வலதுசாரிப் பெருந்தலைகள் பிரிந்துபோய்ச் சமூக ஜனநாயகக் கட்சி கண்டார்கள். 1982 ஃபாக்லாந்துப் போரில் கடற்படையை அனுப்புவதை ஆதரித்தார். சொந்த ஆட்களே முகம் சுளித்தார்கள். எனக்கு அது 1940இன் தொடர்ச்சியாகவே படுகிறது: அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியை அவர் பாசிசமாகப் பார்த்தார்.

1983 தேர்தல் அறிக்கையை 'சரித்திரத்தின் மிக நீளமான தற்கொலைக் கடிதம்' என்று சொந்தக் கட்சி எம்.பி. ஜெரால்ட் காஃப்மன் கிண்டலடித்தார். ஒருதலைப்பட்ச அணு ஆயுதக் கைவிடல், ஐரோப்பியப் பொதுச் சந்தையிலிருந்து விலகல், பிரபுக்கள் சபை ஒழிப்பு. லேபருக்கு 27.6 சதவீத வாக்கு, 209 இடங்கள். தோல்விக்கு அறிக்கைதான் காரணம் என்பது இன்று வேதவாக்கு. ஆனால் தாட்சரின் வாக்கும் 1979ஐவிடக் குறைந்தது: 43.9இலிருந்து 42.4. லிபரல்களோடு கூட்டுச் சேர்ந்த பிரிந்துபோனவர்கள் 25.4 சதவீதத்தை அள்ளிக்கொண்டு 23 இடங்களோடு நின்றார்கள். எதிர்ப்பு வாக்கு இரண்டாகப் பிளந்ததில் தாட்சருக்கு 397 இடங்கள் கிடைத்தன. இந்தக் கணக்கைச் சொல்லாமல் 'இடதுசாரித்தனம் தோற்றது' என்பது சுத்த மோசடி.

ஆக, கோட்டும் தேர்தலும் அவருக்குக் களங்கமில்லை. களங்கம் வேறிடத்தில் இருக்கிறது. வி.கே. கிருஷ்ண மேனனின் நண்பர், 1930களிலிருந்தே இந்திய விடுதலைக்காக நின்றவர். ருஷ்டிமீது 1989இல் ஃபத்வா வந்தபோது அவர் பக்கம் நின்றவர். அதே மனிதர்தான் 1975இல் இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடிநிலைக்கு ஆதரவாகப் பேசினார். இங்கே பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைப்பு, சென்னைச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு பிழைக்கவில்லை, சோஷலிஸ்டான ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் கைவிலங்கில். நேருவின் மகள் தப்பு செய்யமாட்டார் என்கிற விசுவாசம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய தோழமை கண்ணை மறைத்துவிட்டது. சி.பி.ஐ.யும் அப்போது இதைத்தான் செய்தது; 1978 பட்டிண்டா மாநாட்டில் தவறென்று ஒத்துக்கொண்டது. 2010 மார்ச் 3இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த ஃபுட், அப்படி ஒத்துக்கொண்டு எழுதி நான் படித்ததில்லை.