மூன்று நிமிடத்துக்கு எவ்வளவு பனியன்?

கண்ணு, பள்ளி அறிவியல் மன்றத்தில் மூன்று நிமிடம் பேசுகிறேன் என்று பேர் கொடுத்துவிட்டாயாமே! சபாஷ்.

எதைப் பற்றிப் பேசப் போகிறாய்? 'திருப்பூர் பனியன் தொழில்' என்கிறாய். உன் ஊர், உன் வீதியிலேயே நிட்டிங் மெஷின் ஓடுகிறது. ஆசை வரத்தானே செய்யும்!

ஆனால் ஒரு கணக்குப் போடுவோமா? நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல். மூன்று நிமிடத்துக்கு முந்நூறு. வணக்கமும் நன்றியும் அதற்குள்ளேதான். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாவற்றையும் சொல்லப் போனால் பேரை ஒப்பிப்பதற்குள் மணி அடித்துவிடும். கேட்டவர் மனதில் ஒன்றும் நிற்காது.

அதற்காகப் பனியனையே விட்டுவிட வேண்டாம். கம்பெனியில் துணியின் கனத்தை எப்படிப் பார்க்கிறார்கள், தெரியுமா? ஜி.எஸ்.எம். கட்டர் என்று வட்டமான ஒரு கருவி உண்டு. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால், சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துண்டு வெட்டுப்படும். அதைச் சின்னத் தராசில் வைப்பார்கள். 1.8 கிராம் என்று காட்டினால், "இது 180 ஜி.எஸ்.எம்." என்பார்கள். அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்.

ஏன் நூறால் பெருக்கினார்கள்? யோசி. ஒரு சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். ஆக, நம் துண்டு அதில் நூற்றில் ஒரு பங்கு. சரிதானே?

ரோல் முழுவதையும் யாரும் பிரித்துப் போட்டு நிறுக்கவில்லை. துண்டு சின்னதுதான், ஆனாலும் ரோலைப் பற்றிச் சொல்லிவிட்டது. தலைப்பையும் இப்படித்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

வெட்டுவோம், வா. பனியன் தொழில் பெரியது. பனியன் துணி? அதுவும் பெரியதுதான். 'பனியன் இழுத்தால் நீள்கிறதே, தாத்தாவின் வேட்டி ஏன் அப்படி நீள்வதில்லை?' ஆ, இது போதும்! தலைப்பு கேள்வியாக வந்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடும். பதில் சொன்னதும் உட்கார்ந்துவிடலாம்.

பதிலைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூதக்கண்ணாடியால் வேட்டியைப் பார். பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றின் மேலும் கீழுமாகக் குறுக்கே போகின்றன. நூல் ஏறக்குறைய நேராக இருக்கிறது. இழுத்தால் விட்டுக்கொடுக்க அதனிடம் அதிகம் இல்லை. இப்போது பனியனைப் பார். நூல் வளைந்து வளையமாகி, ஒரு வளையம் இன்னொன்றுக்குள் நுழைந்திருக்கிறது. இழுத்தால் வளையம் உருமாறி அகலும், விட்டால் சுருங்கும். நூல் நீளவில்லை, கண்ணு. வளையத்தின் வடிவம்தான் மாறுகிறது. இந்த இடத்தை இன்னொரு முறை படித்துக்கொள். உன் பேச்சின் உயிர் இதுதான்.

தேடும்போது வேறு சுவையான செய்திகளும் கிடைக்கும். 1589-இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்ன ஒரு இயந்திரம் செய்தார் என்பது அதில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் பனியன் ஏன் நீள்கிறது என்பதற்கு அது பதில் சொல்லாது. வெட்டிவிடு! கஷ்டமாகத்தான் இருக்கும்.

உன் தோழி 'நொய்யல் ஆற்று மாசு' என்று எடுத்திருக்கிறாளா? அதுவும் மூன்று நிமிடத்தில் அடங்காது. சாயக்கழிவால் ஆறு கெட்டது, ஒரத்துப்பாளையம் அணை கெட்டது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது என்று அது ஒரு நீண்ட கதை. 'சாயத் தண்ணீரில் உப்பு எங்கிருந்து வந்தது?' என்று அவளைக் கேட்கச் சொல். தண்ணீரில் பருத்தி நூலுக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று தள்ளும். உப்பைப் போட்டால் அந்தத் தள்ளல் குறைந்து, சாயம் நூலில் ஏறும். சாயத்தில் பெரும்பகுதி நூலோடு போய்விடும். உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். பார், ஒரு ஆற்றின் கதை ஒரு கைப்பிடி உப்புக்குள் வந்துவிட்டது!

பேசும் நாளன்று வேட்டித் துண்டு ஒன்றும் பனியன் வேஸ்ட் ஒன்றும் கையில் எடுத்துப் போ. எல்லாரும் பார்க்க இழுத்துக் காட்டு. ஆனால் அதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பார். வேட்டித் துண்டை மூலைக்கு மூலை இழு. அடடா, அதுவும் கொஞ்சம் நீள்கிறதே! கூட்டத்தில் யாராவது கெட்டிக்காரப் பிள்ளை இதைக் கேட்கும். என்ன பதில் சொல்வாய் என்று இப்போதே யோசித்து வை.