மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது! கிறிஸ்தவ தொடக்கப்பள்ளிகளில் சாமி பாடம் யாருக்கு?

சென்னை-

"மறைக்கல்வி பிள்ளைங்க எல்லாம் பக்கத்து ரூமுக்குப் போங்க. மத்தவங்க இங்கேயே உக்காருங்க!"

சென்னையில் பல கத்தோலிக்க தொடக்கப்பள்ளிகளில் டீச்சர் இப்படிக் குரல் கொடுப்பது வழக்கம். அடுத்த நிமிஷம் பெஞ்சுகள் இழுபடும். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்த வாண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள்.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதை 'ஞான உபதேசம்' என்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. சில பள்ளிகளில் இதற்கு 'நீதிபோதனை' என்று பெயர்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி மணி அடிக்கும். எல்லோரும் பழைய பெஞ்சுக்கே வந்து கணக்கு நோட்டைத் திறப்பார்கள்.

வெளியில் இருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிற்கும் தாய்மார்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல!

"எம்புள்ள வீட்ல வந்து சிலுவை போடுது. படிப்பு நல்லா இருக்குன்னுதான் சேர்த்தோம். நாளைக்கு மதத்தை மாத்திடுவாங்களோ?" என்று ஒரு பக்கம் பயம்.

"சர்ச் நடத்துற ஸ்கூல்ல எங்க பிள்ளைக்கு வேதம் சொல்லித்தராம வேற எங்கே சொல்லித்தருவாங்க?" என்று மறு பக்கம் கேள்வி.

இரண்டு பேருக்கும் பதில் இருக்கிறது. அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

காலை அசெம்பிளியில் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு ஜெபம், ஒரு திருக்குறள், தலைப்புச் செய்தி. பெரும்பாலும் இதுதான் முறை. மத்தியான சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம்.

மறைக்கல்வி வகுப்பில் ஜெபங்கள், பத்துக் கட்டளைகள், இயேசுவின் கதைகள். மூன்றாம், நான்காம் வகுப்பு வந்துவிட்டால் 'புதுநன்மை' வாங்கும் பிள்ளைகளுக்குத் தனி தயாரிப்பு நடக்கும்.

சி.எஸ்.ஐ. போன்ற சபைகளின் பள்ளிகளில் இது 'வேதபாடம்'. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் 'ஞாயிறு பள்ளி'. கோடை லீவில் 'விடுமுறை வேதாகமப் பள்ளி'. ஆட்டம் பாட்டத்தோடு நடக்கும்.

பக்கத்து ரூமில் நன்னெறி வகுப்பு எப்படி? பொய் சொல்லக்கூடாது, பென்சிலைத் திருடக்கூடாது, அடிபட்டவனைத் தூக்கிவிட வேண்டும். இதற்கு ஆத்திசூடியும் வரும். நல்ல சமாரியன் கதையும் வரும்.

ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனைச் சொந்த சாதிக்காரன் கண்டுகொள்ளாமல் போகிறான். வேற்று இனத்தான் ஒருவன் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குக் காசும் கொடுத்துவிட்டுப் போகிறான். அதுதான் அந்தக் கதை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் நடக்கும் விபத்துக்கும் பொருந்தும் கதை!

பாடத்தை விட பழக்கம்தான் ஒட்டிக்கொள்கிறது. தவக்காலத்தில் மிட்டாய்க் காசை உண்டியலில் போட்டு ஏழைகளுக்குக் கொடுப்பது, சண்டை போட்ட பையனிடம் 'சாரி' சொல்வது, ஒரு நிமிஷம் சத்தம் இல்லாமல் உட்கார்வது. ஆன்மிக வளர்ச்சி என்று பெரியவர்கள் பெரிய வார்த்தையில் சொல்வது, ஏழு வயதுப் பிள்ளையிடம் இப்படித்தான் தெரியும்.

சட்டம் சொல்வது என்ன?

அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு இதைப் புட்டுப் புட்டு வைக்கிறது.

முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடமும் கிடையாது, தேவாரப் பாடமும் கிடையாது.

அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் தனியார் பள்ளியில் மத வகுப்பு நடத்தலாம். ஆனால் எந்தப் பிள்ளையையும் அதில் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கக் கூடாது. வழிபாட்டுக்கும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகக் கூடாது. பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும்.

இன்னொரு பக்கம் 30-வது பிரிவு. சிறுபான்மையோர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையம் தொடங்கி நடத்த அது உரிமை தருகிறது.

அதாவது, சொல்லித்தர பள்ளிக்கு உரிமை உண்டு. 'வேண்டாம்' என்று சொல்ல பெற்றோருக்கும் உரிமை உண்டு!

மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மத போதனை வேறு. 2002-ல் அருணா ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த வித்தியாசத்தை விளக்கியது. எல்லா மதங்களிலும் உள்ள நல்ல விஷயங்களைப் பாடமாகச் சொல்லித் தருவது சட்டத்துக்கு விரோதம் அல்ல என்றது.

பிள்ளையின் மனச்சாட்சிக்கும் மதிப்பு உண்டு. கேரளாவில் 1985-ல் மூன்று பிள்ளைகள் பள்ளியில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கைப்படி பாட மாட்டார்கள். இதுதான் காரணம். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

அரசுக் காசும் உண்டு

உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசு கஜானாவில் இருந்து வருகிறது. பாடப் புத்தகமும் சத்துணவும் அரசு தருவதுதான். 2025 ஆகஸ்டு 26-ந் தேதி, நகர்ப்புறங்களில் உள்ள அரசு உதவி பெறும் 2,429 தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அந்த விழா நடந்த இடம் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளி!

ஒரே தட்டில் உப்புமா சாப்பிடும் பிள்ளைகளில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். அரசுக் காசு வரும் இடத்தில் கட்டாயம் கூடாது என்று சட்டம் சொல்வதன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

லண்டனுக்குப் போன மெட்ராஸ் முறை!

சர்ச் பள்ளிக்கூடம் சீமையில் இருந்து இங்கே வந்தது என்பதுதான் பலருக்குத் தெரியும். இங்கிருந்து சீமைக்குப் போன கதை பலருக்குத் தெரியாது.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, மறு வருஷமே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1715-ல் சென்னைக் கோட்டைக்குள் ஒரு தர்மப் பள்ளி தொடங்கியது.

1789-ல் சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்கள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளியில் செய்யச் சொன்னார். வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆக்கினார். ஜெயித்தது!

1797-ல் இதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வந்தது. 1811-ல் இங்கிலாந்து திருச்சபை ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு கல்விச் சங்கம் தொடங்கி, இந்த முறையில் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. இன்று இங்கிலாந்தில் அந்தத் திருச்சபைக்கு நாலாயிரத்துக்கும் மேல் பள்ளிகள். பெரும்பாலும் தொடக்கப்பள்ளிகள்.

அங்கேயும் இதே கதைதான். தினமும் கூட்டு வழிபாடு உண்டு. வேண்டாம் என்றால் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பிள்ளைகளின் ஆன்மிக வளர்ச்சி எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்ஸ்பெக்ஷனும் உண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியது

அட்மிஷன் பாரத்தில் பீஸ் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அன்றைக்கே இரண்டு கேள்வி கேட்டால் போதும். மத வகுப்பு எந்த நாளில்? அதில் சேராத பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன வகுப்பு?

சம்மதம் இல்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம். 28-வது பிரிவைக் குறிப்பிட்டு எழுதி, காப்பி ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். சரிப்படவில்லை என்றால் கல்வித்துறை அலுவலகம் இருக்கிறது. தெருவில் கூட்டம் சேர்த்து, போலீஸ் ஸ்டேஷன் வரை போக வேண்டிய விவகாரம் அல்ல இது.

பள்ளிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பெற்றோர் கேட்கிற வரை காத்திருக்காமல், முதல் நாளே பாரத்தில் அச்சடித்துக் கேட்டுவிட்டால் சந்தேகத்துக்கே இடம் இல்லை. நன்னெறி வகுப்பை 'மிச்சம் இருக்கிற பிள்ளைகளை உட்கார வைக்கும் நேரம்' ஆக்கிவிடவும் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல டீச்சர் வேண்டும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது. காசே செலவு இல்லை. சாயங்காலம் பையைக் கழற்றும் பிள்ளையிடம், "மிஸ் இன்னைக்கு என்ன கதை சொன்னாங்க?" என்று கேட்க வேண்டும். பிள்ளை சொல்லும் பதிலிலேயே வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்!