கொழும்பில் அத்தித் தடி ஊன்ற எந்த மாதம்?

"என்ரை கைராசி போட்டுது பிள்ளை" என்றார் அந்த அம்மா. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர். பல்கனியில் நாலு பெயின்ற் வாளிகள். ஒவ்வொன்றிலும் கறுத்து அழுகிய ஓர் அத்தித் தடி.

ஊரில் அவர் ஊன்றிய கதியால் ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லையாம். கிளுவையும் பூவரசும் வேலி நிறையத் தழைத்து நின்றனவாம். போரிலே கணவரை இழந்த பிறகு, "உன்ரை கை பட்டால் இனி ஒன்றும் துளிராது" என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை இத்தனை வருடம் மனதில் சுமந்திருக்கிறார் இந்த அம்மா. வாளியைப் பார்த்ததும் அது உண்மையென்றே நம்பிவிட்டார்.

தடியை எப்போது ஊன்றினீர்கள் என்று கேட்டேன்.

"ஐப்பசியிலைதான். மாரி தொடங்கத்தானே வைக்கிறது?"

பிழை கையில் இல்லை, மாதத்தில்தான். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குப் பெய்யும் 1,300 மில்லிமீற்றர் அளவான மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். நீர் தங்காமல் வடிந்துவிடும். ஆகவே மாரியை ஒட்டித் தடி ஊன்றுவது அங்கே சரியான அறிவு. கொழும்பிலோ 2,400 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. மே மாதத்தில் ஒருமுறை, ஒக்டோபர், நவம்பரில் இன்னொருமுறை என இரண்டு தடவை கொட்டுகிறது. வேரில்லாத தடிக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். நாட்கணக்காக ஊறிக்கிடக்கும் வாளியில் அது அழுகத்தான் செய்யும்.

அரசும் அத்தி இனத்து மரந்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்த அரசங்கிளை ஜம்புகோளத்தில் கரையிறங்கியதாக மகாவம்சம் சொல்கிறது. அது மாதகலை அடுத்த சம்பில்துறை என்பர். அதை நினைவுகூரும் பௌர்ணமி டிசம்பரில் வருகிறது. வடக்கிலே நல்ல மாரிக்காலம்! அந்த மாதக் கணக்கை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவந்ததுதான் எங்கள் தவறு.

இங்கே தை நடுப்பகுதி முதல் மாசி வரை ஊன்றுங்கள். ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். எவ்வளவு நீர் என்பது உங்கள் கையில் இருக்கும். சித்திரை மழை தொடங்குமுன் வேர் பிடித்துவிடும்.

நான் சொல்வது சீமை அத்தி, கடைகளில் உலர்த்தி விற்கும் பழத்தின் மரம். எங்கள் ஊர் அத்தி பெருமரம், பல்கனிக்கு ஆகாது. விதை போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அத்தியின் பூ காய்க்குள்ளேயே மறைந்திருக்கிறது. "அத்தி பூத்தாற்போல" என்று சொல்வது அதனால்தான். வளர்க்கப்படும் பல வகைகள் மகரந்தம் சேராமலே பழுப்பவை. அவற்றின் விதை வெறும் கோது. முளைக்கிற விதையிலிருந்து வரும் கன்றும் தாயைப் போல இராது. ஆகவே தடிதான்.

பென்சில் பருமனில், மண்ணிறமாக முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். மூன்று நாலு கணு இருக்கட்டும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே வரட்டும். வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளிக்கும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பால் காய்ந்த பிறகு, ஆற்று மணலும் தும்புத்தூளும் சம அளவு கலந்து, அடியில் துளையிட்ட வாளியில் இரண்டு கணு புதையும்படி ஊன்றுங்கள். நேர் வெயில் வேண்டாம். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் நீர். இலை வந்ததும் வேர் வந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். தடியில் சேமித்த உணவிலேயே முதல் இலை வந்துவிடும். இரண்டு மாதம் இழுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் மிகக் கடினமான வேலை.

மழை மாதத்தில்தான் கிளை கிடைக்கிறது என்றால் வெட்டாமல் பதி வையுங்கள். கொட்டாஞ்சேனையில் ஓர் அக்கா மே மாதத்தில் அப்படித்தான் செய்தார். கிளையில் ஓர் அங்குலம் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தும்புத்தூள் வைத்து, பொலித்தீனால் இறுக்கிக் கட்டினார். தாய்மரம் ஊட்டிக்கொண்டேயிருப்பதால் கிளை வாடாது. வேர் நிறையத் தெரிந்த பிறகு வெட்டினார்.

வாளிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஏன் வாளி, நிலத்தில் வைக்கலாமே என்பார்கள் நிலம் உள்ளவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் இருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதை மறவாத எம் பெண்கள் தூக்கிச் செல்லக்கூடியதையே நடுகிறார்கள்.

பழத்துக்கும் பருவம் உண்டு. இந்தியாவில் புனேக்கு அருகே புரந்தர் விவசாயிகள் மழையில் பழுக்கும் அத்தியைப் புளிப்புப் பருவம் என்றும், கோடையை ஒட்டிப் பழுப்பதை இனிப்புப் பருவம் என்றும் பெயரிட்டே பிரிக்கிறார்கள். மே மாதப் பழம் சப்பென்றிருந்தால் மரத்தை நோகாதீர்கள்.

அந்த அம்மா தையில் மறுபடி நாலு தடி ஊன்றினார். பங்குனியில் போனேன். இரண்டு பட்டுவிட்டன, இரண்டு தளிர்த்திருந்தன. வேர் வந்திருக்குமா என்று பார்க்க எனக்குத்தான் கை துருதுருத்தது.

"தொடாதை பிள்ளை" என்று வாளியை அப்பால் நகர்த்திவிட்டார்.