கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் ரோபோ

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும், கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் இறங்கிய தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி இறப்பது நிற்காத நிலையில், அவ்வேலைக்கென்றே சென்னை ஐ.ஐ.டி. ‘ஹோமோசெப்’ என்னும் ரோபோவை உருவாக்கியது. தொட்டியின் வாய் குறுகலானது என்பதால், மடங்கிய நிலையில் உள்ளே செல்லும் இதன் தகடுகள், தலைகீழ்க் குடைபோல விரிந்து சுழன்று, அடியில் இறுகிக் கிடக்கும் கசடைக் கூழாகக் கலக்க, உறிஞ்சும் அமைப்பு அதனை வெளியேற்றுகிறது. வடிவமைப்போடு வேலை முடிந்துவிடவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் இவ்வியந்திரங்கள் சுயஉதவிக் குழுக்களிடம் வழங்கப்பட்டபோது, அவற்றை இயக்கும் பயிற்சியும் தூய்மைப் பணியாளர்களுக்குத் தேவைப்பட்டது. எழுத்தறிவு வகுப்போடு சுருக்கிவிடப்படும் வயதுவந்தோர் கல்வியில், தொழிலில் ஏற்கெனவே தேர்ந்தவர்களுக்குப் புதிய கருவியைக் கற்பிக்கும் இத்தகைய பயிற்சியும் அடங்கும்.